பாங்கா இலை அடை, கிழக்குக் கடற்கரை

யாரோ ஒருவர் "பாங்கா இலை அடை, கிழக்குக் கடற்கரை" என்று தேடி ஹன்பியோலின் வலைப்பூவுக்கு வந்து போயிருந்தார். மறுநாளும் வந்தார். அதற்கு மறுநாளும். ஆனால் பாங்கா இலை என்ற சொல்லை ஹன்பியோல் தன் வலைப்பூவில் எங்குமே எழுதியதில்லை. அது என்ன இலை என்றே அவளுக்குத் தெரியாது.

வந்த வழியைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. கேட்ட சொல் எந்தப் பக்கத்திலும் இல்லையென்றால், தேடுபொறி வெறுங்கையோடு திருப்பி அனுப்பாது. பாதியாவது பொருந்துகிற பக்கத்தை எடுத்து நீட்டும். மழைக்காலத்து அடைகளைப் பற்றி ஹன்பியோல் ஒரு பதிவு எழுதியிருந்தாள். "அடை" இருந்தது, "கிழக்குக் கடற்கரை" இருந்தது. அது போதும். அவளுக்குப் பிடிபடாதது வேறு. இந்தக் கடற்கரையில் யாரும் தின்று அவள் கேள்விப்படாத ஓர் இலையை, இந்தக் கடற்கரையிலேயே, விடாமல் தேடுவது யார்?

"பாங்கா இலைன்னா என்னன்னு தெரியுமா?" என்று கணவனிடம் கேட்டாள். குவாங்மோ மீன் ஏற்றும் குளிர்வண்டி ஓட்டுபவன். வடக்கே சொக்சோவிலிருந்து தெற்கே போஹாங் வரை அவன் போகாத துறைமுகம் இல்லை. அந்த வண்டியில் தொற்றிக்கொண்டு போய்ப் பார்த்த ஊர்களைத்தான் அவள் எழுதிக்கொண்டிருந்தாள்.

"தெரியாது. அது சரி, எழுத்தாளரம்மாவுக்கு இன்னிக்கு எத்தனை வாசகருங்க? நீ, நான், உங்கம்மா. உங்கம்மா கண்ணாடி போடலைன்னா நாம ரெண்டு பேருதான்."

"சிரி, நல்லா சிரி. நாலாவதா ஒருத்தர் வந்திருக்காரு. தினமும் வர்றாரு."

"கடன்காரனா இருக்கும்."

புது வலைப்பூவின் துன்பம் ஊரறிந்தது. அவள் குடியிருக்கும் துறைமுக ஊரான முக்ஹோவில் நல்ல சாப்பாட்டுக் கடை எது என்று எழுதினால், அதே தலைப்பில் ஆயிரம் பேர் முன்னாலேயே எழுதிவைத்திருப்பார்கள். புதியவளின் பதிவு அந்த வரிசையின் வாலில் போய் ஒட்டிக்கொள்ளும். அவ்வளவு தூரம் புரட்டிப் பார்க்கிற பொறுமை எவருக்கும் கிடையாது. ஹன்பியோல் இதில் முட்டிமோதி, கடைசியில் ஒரு வழியைத் தானே கண்டுபிடித்திருந்தாள். வலைப்பூவின் கணக்குப் பக்கத்தில், வாசகர்கள் எந்தச் சொற்களைத் தட்டித் தேடி உள்ளே வந்தார்கள் என்று காட்டுவார்கள். யார் தேடினார்கள் என்பது தெரியாது; என்ன தேடினார்கள் என்பது மட்டும் தெரியும். ஒருவர் கேட்டு, ஒருவருமே பதில் சொல்லாத கேள்வி அங்கே கிடந்தால், அதுதான் அடுத்த பதிவு. நீ ஒருத்திதான் பதில் சொல்லியிருக்கிறாய் என்றால், தேடுபொறிக்கு உன்னைக் காட்டுவதைத் தவிர வேறு வழியில்லை. கூட்டத்தில் நின்று கத்துவதைவிட, ஆளில்லாத சந்தில் நின்று மெதுவாகச் சொல்வது நன்றாகக் கேட்கும்.

அந்த முறைப்படி பார்த்தால், பாங்கா இலை அவள் மடியில் தானாக வந்து விழுந்த பழம்.

மழை பிடித்துக்கொண்ட ஒரு பகலில் பழம் கைக்கும் வந்தது. மழை பெய்தால் முக்ஹோவில் யார் வீட்டிலும் அடை வேண்டும், கூட அரிசிக்கள் வேண்டும். ஹன்பியோல் மேட்டுப் படிக்கட்டில் இறங்கி யோங்நானின் கடைக்குப் போனாள். நான்கு மேசை போட்ட சின்னக் கடை. ஐம்பதைத் தாண்டிய யோங்நான் இரண்டு குளிர்காலத்துக்கு முன்பு தனியாக வந்து அதை எடுத்து நடத்திக்கொண்டிருந்தாள். வாடிக்கையாளர் யாரும் இல்லை. கல்லில் ஏதோ வெந்துகொண்டிருந்தது. துளசிக்கும் சோம்புக்கும் நடுவில் நிற்கிற ஒரு வாசனை.

"என்னக்கா இது? பட்டியல்ல இல்லாத அடையா இருக்கு?"

"இது விக்கறதுக்கு இல்லடி. எனக்கு. உக்காரு, தின்னு. பாங்கா இலை. தெற்கே எங்க டொங்யோங் பக்கத்துல இது இல்லாம மீன் குழம்பும் இல்லை, அடையும் இல்லை. உங்க ஊர்க்காரங்க வாயில வெச்சா துப்பிடுவாங்க."

ஹன்பியோலின் வாயில் இருந்த கவளம் அப்படியே நின்றது. பின்கட்டில் எட்டிப் பார்த்தாள். சோயா சாந்து ஜாடிகளுக்குப் பக்கத்தில், தெர்மகோல் மீன்பெட்டிகளில் மண் நிரப்பி, அந்தச் செடிகள் இடுப்புயரம் வளர்ந்து நின்றன.

"அக்கா, இதை நான் எழுதட்டுமா?"

யோங்நான் அடுப்பைக் குறைத்தாள். அவள் கதை ஹன்பியோலுக்குத் தெரியும். படிக்கட்டு மேட்டில் அதை அறிந்த ஒரே ஆள் அவள்தான். யோங்நானின் கணவன் அவளை இரண்டு முறை மருத்துவமனையில் படுக்க வைத்தவன். மூன்றாவது முறைக்கு முன்னால் அவள் பேருந்து ஏறிவிட்டாள். அவன் கிட்டே வரக்கூடாது என்று நீதிமன்றம் தடை போட்டிருந்தது. ஆனால் தடை காகிதத்தில் இருந்தது. அவன் வெளியில் இருந்தான். கண்டுபிடித்தால் கொன்றுவிடுவேன் என்று அவளுடைய தங்கையின் வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போயிருந்தான். அவள் எங்கே இருக்கிறாள் என்பது அவனுக்குத் தெரியாத வரைக்கும்தான் அவள் உயிரோடு இருப்பாள். யோங்நான் அப்படித்தான் சொல்வாள், விலைவாசியைச் சொல்வதுபோல.

"என் மூஞ்சி வரக்கூடாது," என்றாள் இப்போது. "என் பேரு, கடை பேரு, ஊர் பேரு, எதுவும் வரக்கூடாது."

"சத்தியமா வராதுக்கா. மூஞ்சியை மறைக்காம படம் போடற பழக்கம் இங்க யாருக்கு இருக்கு?"

அது உண்மைதான். முன்பின் தெரியாதவர் படத்தில் விழுந்தால் முகத்தின்மேல் ஒரு கரடிப் பொம்மையை ஒட்டிவிட்டுத்தான் வெளியிடுவார்கள். ஒட்டாதவரை நாகரிகம் தெரியாதவர் என்பார்கள். கரடியை ஒட்டியதும் மனசாட்சி தூங்கப் போய்விடும். ஹன்பியோலும் அப்படியே செய்தாள். அடுப்பருகே நிற்கும் யோங்நானின் கழுத்துக்கு மேலே சிரிக்கும் கரடி. அவளுக்குப் பின்னால் ஜன்னலில், கீழே துறைமுகத்தில் கணவாய் காயப்போடும் கொடிகளும் ஒரு சிவப்புக் கலங்கரை விளக்கமும். ஊர்ப் பெயர் இல்லை, பெயர்ப்பலகை இல்லை. "கிழக்குக் கடற்கரையில், ஒரு சின்னக் கடையில்" என்று மட்டும் எழுதினாள். யாரோ இந்த இலையைத் தேடிக்கொண்டிருக்கிறார் என்பதை அவள் யோங்நானிடம் சொல்லவில்லை. மறைக்க வேண்டும் என்றில்லை. மீன்காரன் தூண்டிலைப் பற்றி வாங்க வந்தவரிடம் எதற்குச் சொல்ல வேண்டும் என்பதுபோல ஒரு நினைப்பு.

பதிவு வெளியான அன்றே தேடியவர் வந்தார். இந்த முறை வந்த வேகத்தில் போய்விடவில்லை. வெகுநேரம் இருந்தார். கணக்குப் பக்கம் அதையும் காட்டியது.

பிறகு கேள்விகள் மாறின. "பாங்கா இலை அடை கடை எந்த ஊர், கிழக்குக் கடற்கரை." அதற்கு அவள் பதில் எழுதவில்லை, வாக்கு வாக்குதான். அடுத்தது: "ஜன்னலில் சிவப்புக் கலங்கரை விளக்கம் தெரியும் சாப்பாட்டுக் கடை." ஹன்பியோலுக்கு உற்சாகம் தாங்கவில்லை. ஒவ்வொரு துறைமுக வாயிலிலும் இரண்டு கலங்கரை விளக்கங்கள் நிற்கும். கடலிலிருந்து உள்ளே வரும் படகுக்கு வலக்கைப் பக்கம் சிவப்பு, இடக்கைப் பக்கம் வெள்ளை. அதை விளக்கி, அந்தச் சிவப்பு தெரிகிற கடைகளை ஊர் ஊராகச் சொல்லி அழகான ஒரு பதிவு போட்டாள். அடுத்தது: "மேட்டுப் படிக்கட்டில் சாப்பாட்டுக் கடை, கீழே கணவாய் காயப்போடும் துறைமுகம்." அதற்கும் எழுதினாள். இந்த முறை மூன்றே ஊர்கள். முக்ஹோ அவற்றில் ஒன்று.

"பாத்தியா," என்று குவாங்மோவிடம் கைப்பேசியை நீட்டினாள். "எனக்குன்னு வாசகர் கூட்டம் சேருது."

அவன் வண்டியின் கதவைத் தட்டிச் சாத்திவிட்டுப் பார்த்தான். "கூட்டமா? எல்லாத் தேடலுக்கும் நேரா ஒண்ணு, ஒண்ணுன்னுதானே போட்டிருக்கு. ஒரே ஆளு மாதிரி இருக்கே."

"உனக்குப் பொறாமை."

"பொறாமை இல்லடி. ஒரு ஆளு ஒரு அடைக்காக இவ்வளவு மெனக்கெடுவானா? நானா இருந்தா வேற எதையாவது தின்னுட்டுப் போயிருப்பேன்."

அவள் காதில் அது விழுந்தது, மனதில் விழவில்லை. ஏனென்றால் அன்றுதான் அவளுடைய வலைப்பூவுக்கு அந்நியரிடமிருந்து முதல் கருத்து வந்திருந்தது. எந்த வலைப்பூக்காரிக்கும் அது முதல் குழந்தை மாதிரி. "அருமையாக எழுதுகிறீர்கள். என் தாயார் தெற்கே பிறந்தவர், இந்த இலைக்கு ஏங்குகிறார். கடை எந்த ஊர் என்று சொன்னால் அழைத்து வருவேன்."

வாக்குக் கொடுத்திருந்தாள், ஆனால் வயதான ஒரு தாய். யோங்நானைக் கேட்டுவிட்டுச் சொல்லலாம் என்று கைப்பேசியோடு படியிறங்கினாள். கடையில் யோங்நான் நெத்திலிக்குத் தலை கிள்ளிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, உனக்கு ஒரு வாடிக்கையாளர் புடிச்சிருக்கேன். பாவம், ரொம்ப நாளா தேடறாரு. இங்க பாரேன்." கருத்தைக் காட்டினாள். அதோடு நிறுத்தாமல், எவ்வளவு தேடினார் என்பதைக் காட்ட, தேடுசொற்களின் பக்கத்தையும் திறந்தாள். அன்று புதிதாக ஒரு வரி சேர்ந்திருந்தது. அதை அவளே அப்போதுதான் பார்த்தாள்.

"பாங்கா இலை அடை, டொங்யோங் பெண், இடது கை."

டொங்யோங் என்று அவள் எழுதவில்லை. இடது கை என்று எழுதவில்லை. படத்தைத் திறந்தாள். சிரிக்கும் கரடிக்குக் கீழே, அடையைத் திருப்பிப் போடும் கை. இடது கை.

யோங்நான் நெத்திலியைக் கீழே வைக்கவில்லை. கிள்ளிய தலையைக் கிள்ளியபடியே இருந்தாள்.

"நான் எங்க போனாலும் இந்தச் செடியை வெப்பேன்னு அவனுக்குத் தெரியும். மேற்குக் கடற்கரைன்னு போட்டுத் தேடியிருப்பான். தீவுன்னு போட்டுத் தேடியிருப்பான். அங்கெல்லாம் யாரும் வாய் திறக்கலை." நிமிர்ந்து பார்த்தாள். "கிழக்குல நீ பதில் சொன்னே."

"அக்கா..."

"அவனுக்கு அம்மா கிடையாது, ஹன்பியோல். நான் கல்யாணம் பண்ணி வரும்போதே கிடையாது."

காவல் நிலையத்தில் மரியாதையாகத்தான் பேசினார்கள். தடை ஆணையைப் படித்துப் பார்த்த அதிகாரி, மணிக்கட்டில் கட்டிக்கொள்ள ஒரு கடிகாரம் கொடுத்தார்; அதிலிருந்த பொத்தானை அமுக்கினால் ரோந்து வண்டி வரும். "ஆனா, இணையத்துல தேடுறது குத்தம் இல்லீங்க. கருத்துப் போட்டது அவர்தான்னும் நிரூபிக்க முடியாது. அவர் கிட்ட வந்தாதான் நாங்க ஏதாவது செய்ய முடியும்."

"கிட்ட வந்தா நான் செய்யறதுக்கு ஒண்ணும் இருக்காதுங்க," என்றாள் யோங்நான்.

வெளியே வந்ததும் குவாங்மோ சொன்னான்: "எல்லாத்தையும் அழிச்சிடு. இப்பவே."

ஹன்பியோலின் விரல் கைப்பேசியில் பதிவை அழிக்கும் பொத்தானுக்கு மேலே நின்றது. யோங்நான் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"அவன் கேட்ட அன்னிக்கே பக்கம் காணாமப் போச்சுன்னா என்ன அர்த்தம்? சரியான கதவைத்தான் தட்டியிருக்கேன்னு அர்த்தம். அவன் கையில படம் இருக்கு, மூணு ஊர் பேரு இருக்கு. மூணு ஊர்ல படி ஏறி இறங்க எத்தனை நேரம் ஆவும்?" பிறகு சொன்னாள், "நான் பெட்டியைக் கட்டறேன். செடியைத்தான் எடுத்துட்டுப் போக முடியாது."

"எங்கக்கா போவே?"

"எங்கேன்னு உன்கிட்ட சொல்ல மாட்டேன்டி. கோவிச்சுக்காதே."

அந்த வார்த்தை குத்திய இடத்திலேயே இருந்தது. ஹன்பியோல் வீட்டுக்குப் போய்ச் சமையல்கட்டு மேசையில் உட்கார்ந்தாள். தனக்குத் தெரிந்த ஒரே விஷயம் இந்த இயந்திரம் எப்படி ஓடுகிறது என்பதுதான். அது ஓடித்தான் இந்த ஆபத்து வந்தது. அதே பாதையைப் பின்னாலிருந்து நடந்து பார்த்தாள். அவன் ஏன் அவளிடம் வந்து சேர்ந்தான்? அவள் நன்றாக எழுதியதால் அல்ல. அந்தக் கேள்விக்கு அவள் ஒருத்திதான் பதில் சொன்னாள் என்பதால். யோங்நான் ஏன் தெரிந்தாள்? இடது கையாலோ சிவப்புக் கலங்கரை விளக்கத்தாலோ அல்ல. இந்தக் கரையில் அந்த இலையை அடையில் போடுகிறவள் அவள் ஒருத்திதான் என்பதால்.

முக்ஹோவின் நல்ல கடைகளைப் பற்றி அவள் எழுதிய முதல் பதிவை நினைத்துக்கொண்டாள். எவ்வளவு கத்தியும் அதை இன்றுவரை ஒரு நாய்கூட எட்டிப் பார்க்கவில்லை.

"அக்காவைக் கொஞ்ச நாள் கடையைச் சாத்திட்டு நம்ம வீட்டுல இருக்கச் சொல்லு," என்றாள் குவாங்மோவிடம். "நீ தெற்கே சரக்கு இறக்கிட்டு வரும்போது அக்கா ஊர்ப் பக்கம் ஜின்ஜு சந்தையில நில்லு. பாங்கா இலை எவ்வளவு கிடைக்குமோ அவ்வளவு. நாத்து கிடைச்சா நாத்தும்."

"மீன் வண்டியில கீரையா? எல்லாரும் என்னைப் பாத்துச் சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும்."

வலைப்பூக்காரர்கள் ஒருவரையொருவர் அண்டைவீட்டார் என்று அழைத்துக்கொள்வார்கள். ஹன்பியோலின் அண்டைவீட்டார் அந்தக் கடற்கரை நெடுகச் சிதறிக் கிடந்தார்கள். அவளைப் போலவே வாசகர் இல்லாதவர்கள், இன்றைக்கு எதை எழுதுவது என்று தலையைப் பிய்த்துக்கொள்பவர்கள். அவர்களுக்கு அவள் எழுதினாள்: "ஒரு தேடுசொல் ஏறிக்கொண்டிருக்கிறது. யாருமே எழுதவில்லை. நான் தனியாக வைத்துக்கொள்ள மனமில்லை. இலையை இலவசமாக அனுப்புகிறேன். மழை நாளில், ஜன்னல் பக்கம் அடுப்பு வைத்து, நீங்களே சுட்டு, நீங்களே படமெடுங்கள். துறைமுகத்துக் கலங்கரை விளக்கம் தெரிந்தால் படம் அழகாக இருக்கும்."

பசித்தவர்கள் நடுவில் சோற்றுப் பானையைத் திறந்ததுபோல் ஆயிற்று. சொக்சோவில் ஒருத்தி, ஜுமுன்ஜினில் ஒருத்தி, சம்சொக்கில் இரண்டு பேர், உல்ஜினில் விடுதி நடத்தும் ஒரு கிழவர். அவர்களுடைய அண்டைவீட்டாருக்கும் செய்தி பரவியது. அவர்களைப் பார்த்துக் கடைக்காரர்களும் புதுச் சரக்கு என்று மழைநாள் பட்டியலில் சேர்த்தார்கள். குவாங்மோவின் வண்டி சோம்பு வாசனையோடு வடக்கும் தெற்குமாகப் போய்வந்தது. தானே சுட்டுத் தானே படமெடுப்பவர் கைப்பேசியை வலக்கையில் பிடிப்பார். தோசைத்திருப்பி இடக்கைக்குப் போய்விடும். படத்துக்குப் படம் இடது கை. எங்கும் சிவப்புக் கலங்கரை விளக்கம். முகம் விழுந்த இடமெல்லாம் சிரிக்கும் கரடி. தெற்கிலிருந்து குடிவந்த பெண்கள் எல்லாத் துறைமுகத்திலும் இருந்தார்கள். "நான் டொங்யோங்காரி, இது எங்க ஊர் அடை" என்று அவர்களே பெருமையாகக் கருத்தில் எழுதினார்கள்.

அதுவரை ஹன்பியோல் அந்த முதல் கருத்துக்குப் பதில் போடவில்லை. இப்போது போட்டாள். "தாமதத்துக்கு மன்னியுங்கள். அம்மாவை அழைத்து வாருங்கள். இந்தக் கோடையில் எந்தத் துறைமுகத்திலும் இந்த அடை கிடைக்கிறது." கீழே ஊர்களை வரிசையாக இணைத்தாள். முக்ஹோவையும் சேர்த்தாள். விட்டுவிட்டால், விட்டது தெரியும்.

அவன் அந்தப் பதிலைப் பார்த்தானா என்பது கணக்குப் பக்கத்தில் தெரியாது. தேடுசொற்கள் மட்டும் வந்தன. "பாங்கா இலை அடை, சம்சொக், படிக்கட்டு." பிறகு "ஜுமுன்ஜின்." பிறகு "உல்ஜின், தனியாக நடத்தும் பெண்." அவன் நிற்கவில்லை. கதவு கதவாகப் போய்க்கொண்டிருந்தான். அதிகாரியிடம் ஒவ்வொரு வரியையும் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். அவர் அவனுடைய படத்தை அந்தந்தத் துறைமுகத்துக் காவல் நிலையத்துக்கு அனுப்பினார். உல்ஜின் விடுதிக் கிழவர் எழுதியிருந்தார்: யாரோ ஒருவர் வந்தார், அடை கேட்டார், சாப்பிடவில்லை, சமையல்கட்டை மட்டும் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

யோங்நான் அந்த வரியை இரண்டு தடவை படித்தாள்.

"அடுத்து இங்க வருவானா?"

"வரலாம்க்கா. வந்தா இங்கேயும் எட்டுக் கடையில அந்த அடை இருக்கு. கீழ்த் தெரு ஓட்டல்ல, மீன் சந்தையில, எல்லா இடத்துலயும். நீ அடுப்புப் பக்கம் இல்லை, நீ எங்க வீட்டுல இருக்கே. காவல் நிலையத்துல அவன் படம் இருக்கு."

"என்னடி இது, என் இலையை ஊருக்கே தின்னக் கொடுத்துட்டே." யோங்நானின் குரலில் சிரிப்பு மாதிரி ஏதோ இருந்தது, முகத்தில் இல்லை. கடிகாரத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். பெட்டி இன்னும் கட்டப்பட்டுக் கதவோரம் நின்றது.

ஹன்பியோல் கைப்பேசியை எடுத்து, அவன் முதலில் தேடிய அதே சொற்களைத் தட்டினாள். முதல் பக்கத்தில் சொக்சோ. இரண்டாவதில் சம்சொக், போஹாங். புரட்டிக்கொண்டே போனாள். அவளுடைய பதிவு எவரும் எட்டாத தூரத்தில், மற்றவற்றைப் போலவே ஒரு ஜன்னல், ஒரு கலங்கரை விளக்கம், ஓர் இடது கை, ஒரு கரடியாகக் கிடந்தது.

குவாங்மோவுக்கு அவள் அதை இப்படி விளக்கினாள்: அவன் தேடுவதை நம்மால் நிறுத்த முடியாது. பக்கத்தை அழித்தால் அவனுக்கு இடம் உறுதியாகும். அந்தக் கேள்விக்கு ஒரே ஒரு பதில் இருந்தவரைக்கும் அது யோங்நான் அக்காவின் வாசலைக் காட்டியது. அதே பதிலை நூறு பேரைச் சொல்ல வைத்தால் அது எந்த வாசலையும் காட்டாது. ஆகவே வாரா வாரம் புதிதாகச் சிலரை எழுத வைக்க வேண்டும், அவன் தேடும் வரைக்கும்.